பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி வீண் என்பது யார் கணக்கு?

"ஏழெட்டு வருஷம் ஆன மெஷின் சார், இதுக்கு மேல இதுல காசைப் போடாதீங்க." சென்னை ரிச்சி தெருவில் தொடங்கி மாவட்டத் தலைநகர் சர்வீஸ் கடைகள் வரை இது ஆலோசனை என்ற நிலையைத் தாண்டித் தீர்ப்பாகிவிட்டது. ஆபீஸ் ஐடி ஆள் சொல்கிறார், இன்ஜினியரிங் படிக்கும் அண்ணன் மகன் சொல்கிறான், கேட்டவரும் தலையாட்டிவிட்டு இஎம்ஐ எத்தனை மாசம் என்று விசாரிக்கப் போய்விடுகிறார். இந்தத் தீர்ப்பு பெரும்பாலான வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் பொருந்தாது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் பாதி, கம்ப்யூட்டர் எங்கே மெதுவாகிறது என்று பார்க்காமலே சொல்லப்படுபவை.

முதலில் அவர்கள் தரப்பை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டரில் எல்லாமே பழசு. அதில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, தட்டே இல்லாமல் ஃபிளாஷ் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியைப் போட்டு ஒரு பாகத்தை மட்டும் புதுசாக்கினால் மற்றவை அதைக் கீழே இழுக்கும். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய சாட்டா இணைப்பு எஸ்எஸ்டியின் வேகத்தைத் தாங்காது. விலை குறைந்த எஸ்எஸ்டியில் டிராம் கிடையாது, சிப்பும் மட்டம், சீக்கிரம் தேய்ந்துவிடும். போகும்போது சொல்லாமல் கொள்ளாமல் போகும், போனால் டேட்டாவை மீட்க முடியாது. ரேமைக் கூட்டினாலே போதும். போதாததற்கு விண்டோஸ் 10க்கான ஆதரவும் முடிந்துவிட்டது. ஆகவே காசைச் சேர்த்து வைத்துப் புதுசே வாங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று ஆகிவிடக் கூடாது.

இதில் ஒவ்வொரு வாக்கியத்திலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கேட்பவர் மறுக்க முடியாமல் நிற்பது அதனால்தான். ஆனால் கொஞ்சம் கொஞ்சம் உண்மையைக் கோத்தால் ஒரு முழு உண்மை கிடைத்துவிடாது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

1. கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது என்கிறீர்களே, அதில் எது மெதுவாகிவிட்டது?

பிராசசருக்கு மூப்பு வருவதில்லை. 2012இல் ஒரு கணக்கை எவ்வளவு நேரத்தில் போட்டதோ அதே நேரத்தில்தான் இன்றும் போடும். ஃபேனில் தூசி அடைத்து, பேஸ்ட் காய்ந்து, சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்குத் தேவை ஒரு நல்ல துடைப்பு. ரேமும் அப்படியே. வேர்டில் கடிதம் அடிக்க, எக்செல்லில் சம்பளப் பட்டியல் போட, பிரௌசரில் பாங்க் தளத்தைத் திறக்க மூன்றாம் தலைமுறை ஐ5 இன்றும் போதும்.

அப்படியானால் பட்டனை அழுத்திவிட்டுக் காபி போட்டுக் குடித்து வரும் அளவுக்கு அது என்ன செய்துகொண்டிருக்கிறது? காத்திருக்கிறது. லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு நிமிஷத்துக்கு 5400 முறை சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அதில் பாதி, ஐந்தரை மில்லிசெகண்ட். முனை சரியான தடத்துக்கு நகர இன்னொரு பத்துப் பன்னிரண்டு. ஆக ஒரு சிறு துண்டை எடுத்து வர ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட், அதாவது விநாடிக்கு அறுபது துண்டு. விண்டோஸ் எழுந்திருக்கும்போது கேட்பதோ வட்டின் மூலைமுடுக்கெல்லாம் சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் சிறு துண்டுகள்.

தாலுகா ஆபீஸ் ஆவண அறையை நினைத்துப் பாருங்கள். ஒரே கட்டை முழுதாகக் கேட்டால் எழுத்தர் சட்டென்று தூக்கி வந்துவிடுவார். ஆயிரம் கட்டுகளிலிருந்து கட்டுக்கொரு தாள் கேட்டால் அவர் நடையிலேயே பொழுது போய்விடும். ஹார்ட் டிஸ்க்கின் பாடு இந்த இரண்டாவது வகை.

விண்டோஸ் 7 காலத்தில் இந்த நடை இவ்வளவு தெரியவில்லை. விண்டோஸ் 10 வந்தபிறகு பின்னணியில் டிஃபெண்டர் ஒரு பக்கம் ஸ்கேன் செய்கிறது, அப்டேட் ஒரு பக்கம் இறங்குகிறது, தேடலுக்கான அட்டவணை ஒரு பக்கம் தயாராகிறது. எல்லாமே ஒரே நேரத்தில் அந்த ஒற்றை முனையைத்தான் கேட்கின்றன. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கும், சிபியு பத்துப் பதினைந்தில் சும்மா இருக்கும். மெதுவாகிவிட்ட மெஷின் என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். வேலை செய்யத் தயாராக இருக்கும் பிராசசர், அதற்கு வேலையைக் கொண்டுவந்து கொடுக்க முடியாத தட்டு.

இதைப் பார்க்காமல் "ஒரு ஃபார்மட் போட்டா சரியாயிடும்" என்று ஆறு மாசத்துக்கு ஒருமுறை கூலி வாங்கும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. ஃபார்மட் போட்ட முதல் வாரம் வேகமாக இருப்பதும் உண்மைதான். கோப்புகள் குறைவு, சிதறல் குறைவு, பின்னணியில் ஓடும் புரோகிராம்கள் குறைவு. அப்டேட்டுகள் வந்து சேர்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

2. பழைய சாட்டா இணைப்பு தாங்காது என்கிறார்களே, எந்த வேகத்தைத் தாங்காது?

எண்களில் பார்த்தால் இந்த வாதம் கெட்டியாகத்தான் தெரியும். சாட்டா மூன்றாம் பதிப்பின் கொள்ளளவு விநாடிக்கு 600 எம்பி. இரண்டாம் பதிப்பு 300, முதல் பதிப்பு 150. இன்டெல் சிப்செட்டுகளில் மூன்றாம் பதிப்பு வந்ததே 2011இல்தான். அதற்கு முந்தைய கம்ப்யூட்டரில் 500 எம்பி என்று பெட்டியில் போட்ட எஸ்எஸ்டியைச் செருகினால் 270 சொச்சம்தான் கிடைக்கும். "பாதி வேகம் வீண்" என்று இங்கேதான் சொல்கிறார்கள்.

பெட்டியில் போட்ட அந்த 500, ஒரு பெரிய கோப்பைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது வருவது. கம்ப்யூட்டர் எழுவதற்கும், பிரௌசர் திறப்பதற்கும், டேலி ஏறுவதற்கும் அந்த வேகம் தேவைப்படுவது அபூர்வம். அங்கே நடப்பது 4 கேபி அளவுத் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வாங்கும் வேலை. அந்த வேலையில் விலை குறைந்த சாட்டா எஸ்எஸ்டி தருவது விநாடிக்கு 20 முதல் 30 எம்பி. முதல் பதிப்புச் சாட்டாவின் 150இலேயே அது ஒரு மூலையில் அடங்கிவிடும். இதே வேலையில் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் தருவது அரை எம்பிக்கும் குறைவு.

இதை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்கலாம். துண்டு துண்டாகப் படிக்கும் இந்த வேலையில் தட்டிலிருந்து மலிவு எஸ்எஸ்டிக்குப் போனால் எண்பது மடங்கு வரை ஏறுகிறது. மலிவு எஸ்எஸ்டியிலிருந்து விலை உயர்ந்த என்விஎம்இ ரகத்துக்குப் போனால் இரண்டு மூன்று மடங்கு. இரண்டாவது ஏற்றம் கிடைக்காதே என்று முதல் ஏற்றத்தையும் வேண்டாம் என்பது என்ன கணக்கு?

3. டிராம் இல்லை, சிப் மட்டம். ஆமாம். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

மலிவு எஸ்எஸ்டியின் குறைகளை நான் மறைக்கப் போவதில்லை. எந்தத் தரவு எந்தச் சிப்பில் எங்கே இருக்கிறது என்ற வரைபடத்தை எஸ்எஸ்டி வைத்திருக்க வேண்டும். 1 ஜிபிக்கு 1 எம்பி என்ற கணக்கில் 240 ஜிபி டிரைவுக்கு 240 எம்பி வரைபடம். விலை உயர்ந்த ரகங்களில் இதற்கென்று தனி டிராம் சிப் உண்டு. மலிவு ரகத்தில் இல்லை. வரைபடத்தின் ஒரு பகுதியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு மீதியை ஃபிளாஷிலிருந்தே எடுத்து எடுத்துப் பார்க்கும். என்விஎம்இ ரகமாக இருந்தால் கம்ப்யூட்டரின் ரேமில் கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளலாம். சாட்டாவில் அந்த வழியும் கிடையாது.

அடுத்தது எழுதும் வேகம். ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி, நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சி இரண்டும் இயல்பிலேயே எழுதுவதில் மெதுவானவை. ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் என்று தற்காலிகமாகப் பயன்படுத்தி அந்த மந்தத்தை மறைக்கிறார்கள். அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் சடாரென்று விழும். கல்யாண வீடியோ 50 ஜிபியை ஒரே மூச்சில் காப்பி செய்தால் பின்பாதியில் ஹார்ட் டிஸ்க்கையும்விட மெதுவாகப் போகலாம்.

ஏமாற்றும் நடந்திருக்கிறது. கிங்ஸ்டன் தன் வி300 எஸ்எஸ்டியில், பெயரையும் பெட்டியையும் மாற்றாமல், உள்ளே இருந்த ஃபிளாஷை மட்டும் மெதுவான ரகத்துக்கு மாற்றியது 2014இல் வெளிச்சத்துக்கு வந்து பெரிய சர்ச்சையானது. விமர்சகர்களுக்கு ஒன்று, வாங்குபவருக்கு வேறொன்று என்பது அயோக்கியத்தனம்தான். அதற்கு வக்காலத்து வாங்கப் போவதில்லை.

இனி இந்தக் குறைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றும் எப்போது தலைகாட்டும் என்று கேளுங்கள். பெரிய டேட்டாபேஸில் இடைவிடாமல் எழுதும்போது. மணிக்கணக்கில் வீடியோ எடிட் செய்யும்போது. நூற்றுக்கணக்கான ஜிபியை ஒரே நாளில் நகர்த்தும்போது. 4 ஜிபி ரேம் உள்ள 2013 லேப்டாப்பை வைத்துக்கொண்டு யார் இந்த வேலைகளைச் செய்கிறார்கள்? மலிவு எஸ்எஸ்டியின் பலவீனங்கள் எல்லாம் பழைய கம்ப்யூட்டர் எப்போதாவது மட்டும் கேட்கும் வேலைகளில் இருக்கின்றன. அதன் ஒரே பலமான சிறு துண்டுகளை உடனுக்குடன் தருவது, பழைய கம்ப்யூட்டர் நாள் முழுக்கக் கேட்கும் வேலையில் இருக்கிறது. விலை குறைந்த பாகமும் பழைய மெஷினும் ஒன்றுக்கொன்று பொருந்துவது இதனால்தான். எதிர்த்தரப்பு குறைகளைச் சரியாகவே பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலைத் தவறான ஆளிடம் நீட்டுகிறது.

"போடுவதானால் விலை உயர்ந்ததைப் போடு" என்பதும் இந்தக் காரணத்தாலேயே அடிபட்டுப் போகிறது. மேலதிக விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த மெஷினில் வெளிப்பட வாய்ப்பே இல்லாத திறன். 2008இல் இன்டெல் எக்ஸ்25-எம் 80 ஜிபி 595 டாலர் என்று வந்தபோது, எஸ்எஸ்டி வசதி உள்ளவர்களின் பாகமாக இருந்தது. அந்தக் காலத்து மனநிலையை இன்னும் சுமந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். மலிவு வேறு, போலி வேறு. ஃபிளாஷ் தயாரிக்கும் அல்லது பெயரை வைத்து வியாபாரம் செய்யும் கம்பெனிகளின் அடிமட்ட ரகம் மலிவு. கேள்விப்படாத பெயரில், சில நூறு ரூபாய்க்கு 2 டிபி, 16 டிபி என்று விற்பது போலி. அந்த உறைக்குள் ஒரு மெமரி கார்டை ஒட்டிவைத்து, கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். நிரப்ப நிரப்ப முன்பு எழுதியது அழியும். எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் டிரைவ் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். வாங்கிய அன்றே பார்த்துவிடுவது நல்லது, திருப்பிக் கொடுக்கும் கெடு இருக்கும்போதே.

4. சீக்கிரம் தேய்ந்துவிடுமாமே?

தேயும். எத்தனை நாளில் என்பதுதானே கேள்வி? கிங்ஸ்டன் ஏ400, குரூஷியல் பிஎக்ஸ்500 ஆகிய இரண்டு அடிமட்ட ரகங்களிலும் 240 ஜிபி டிரைவுக்குக் கம்பெனியே உறுதி சொல்லும் அளவு 80 டிபி. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினால் நாலாயிரம் நாள், அதாவது ஏறக்குறைய பதினோரு வருஷம். வீட்டுக் கம்ப்யூட்டர் அவ்வளவு எழுதுவது அரிது. 40 ஜிபி என்றே வைத்துக்கொண்டாலும் ஐந்தரை வருஷம். கம்பெனி சொல்லும் எண்ணும் உத்தரவாதத்துக்கான எண்தான், அன்றைக்கே டிரைவ் செத்துவிடும் என்று பொருள் கிடையாது. டெக் ரிப்போர்ட் என்ற அமெரிக்க இதழ் 2013 முதல் 2015 வரை ஆறு எஸ்எஸ்டிகளில் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தது. அந்த ஆறில் டிஎல்சி ரகமாக இருந்தது சாம்சங் 840 ஒன்றுதான். அது நின்றது 900 டிபிக்குப் பிறகு. இன்றைய க்யூஎல்சி டிரைவிடம் அந்த அளவை எதிர்பார்க்க முடியாது. ஆனால் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலும் இந்த வீட்டுக்கு மிச்சம்.

"தேய்ந்துவிடும்" என்று பயமுறுத்துபவர் அந்த மெஷினில் இப்போது இருப்பது பத்து வருஷம் சுற்றிய தட்டு என்பதை மறந்துவிடுகிறார். பயப்பட வேண்டியது அதைப் பார்த்து.

5. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்பது?

இது அவர்கள் சொல்வதிலேயே கனமான வாதம், முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல சமயம் கடகடவென்று சத்தம் போடும், இழுத்துப் பறித்தாவது கொஞ்சம் கோப்பு கொடுக்கும். எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் போனால் காலையில் கம்ப்யூட்டருக்கு அப்படி ஒரு டிரைவ் இருப்பதே தெரியாது. அழித்த கோப்பை மீட்பதும் கடினம். விண்டோஸ் 7 முதல் உள்ள ட்ரிம் என்ற ஏற்பாடு, அழித்த இடத்தை டிரைவே துப்புரவாகக் காலி செய்ய வழி விடுகிறது. வேகத்துக்கு அது அவசியம், மீட்புக்கு அது எமன்.

ஆனால் இதிலிருந்து வரும் முடிவு என்ன? காப்புப் பிரதி வைத்துக்கொள் என்பதுதான். எஸ்எஸ்டி போடாதே என்று எப்படி வரும்? ஒரே ஒரு பிரதியை எந்த டிரைவில் வைத்திருந்தாலும் அது சூதாட்டம். தட்டிலும் அப்படித்தான். மூன்றாம் மாடியிலிருந்து கீழே பஸ் ஸ்டாண்ட் வரை பையில் போட்டு ஆட்டி எடுத்துச் செல்லும் லேப்டாப்பில், சுற்றும் தட்டு இன்னும் பெரிய சூதாட்டம்.

எஸ்எஸ்டி மாற்றுபவருக்கு இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. கழற்றிய ஹார்ட் டிஸ்க் கையில் நிற்கும். அதில் மாற்றிய நாள் வரையிலான எல்லாக் கோப்பும் அப்படியே இருக்கும். ரெண்டரை அங்குல யுஎஸ்பி உறை ஒன்றில் அதைப் போட்டு வைத்தால் இரண்டாம் பிரதி தயார். வயசான தட்டுதான், அதை மட்டும் நம்பக் கூடாது, ஆனால் நேற்றுவரை அதை மட்டும்தானே நம்பிக்கொண்டிருந்தோம்? எஸ்எஸ்டியைக் காப்புப் பிரதிக்கென்று எழுதி வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டிவைப்பதுதான் தவறு. மின்சாரம் இல்லாமல் கிடந்தால் ஃபிளாஷில் உள்ள தரவு மெல்ல மெல்லக் கசியும். நன்கு தேய்ந்த வீட்டு ரக எஸ்எஸ்டி 30 டிகிரி வெப்பத்தில் ஒரு வருஷம் தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் தரநிலையே கேட்பது. நம் ஊர்க் கோடையில் பீரோவுக்குள் அதைவிடச் சூடு.

6. ரேமைக் கூட்டினாலே போதுமே?

2 ஜிபிதான் இருக்கிறது என்றால் ரேமும் வேண்டும், சந்தேகமே இல்லை. 2011இல் தொடங்கித் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில், தொடக்க ஆண்டுகளில் வந்தவை 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்டவை. அவற்றில் எஸ்எஸ்டி மட்டும் போட்டால் பாதி வேலைதான் முடியும். ஆனால் ரேம் கரண்ட் போனால் காலியாகிவிடும். காலையில் அதை நிரப்ப ஒவ்வொரு துண்டும் டிஸ்க்கிலிருந்துதான் வர வேண்டும். 8 ஜிபி ரேமுடன் தட்டு வைத்த கம்ப்யூட்டரும் அதே கடுப்போடுதான் எழும். 4 ஜிபி இருந்து, ஒரு பாகத்துக்கு மட்டுமே காசு இருந்தால், முதல் பாகம் எஸ்எஸ்டி. ரேம் போதாமல் டிஸ்க்கை நாடும்போதுகூட அங்கே காத்திருப்பு குறையும்.

7. விண்டோஸ் 10 முடிந்துவிட்டதே, இனி எதற்குச் செலவு?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். இந்த இரண்டும் உண்மை. இங்கிருந்து "ஆகவே பழைய கம்ப்யூட்டர் எல்லாம் குப்பை" என்று தாண்டுவதில்தான் ஓட்டை.

"பழைய கம்ப்யூட்டர்" என்று ஒரே மூட்டையாகக் கட்டுகிறார்களே, 2018, 2019இல் வாங்கிய எட்டாம் தலைமுறை ஐ3, ஐ5 லேப்டாப்புகளை எதில் சேர்ப்பது? 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று பெருமையாக ஸ்டிக்கர் ஒட்டி, உள்ளே 5400 சுற்றுத் தட்டை வைத்து நம் கடைகளில் விற்றுத் தள்ளிய சரக்கு அது. விண்டோஸ் 11 அவற்றை ஏற்கும். தட்டுதான் அதைத் தாங்காது. இன்றைக்கு "லேப்டாப் தொங்குது" என்று கடைக்கு வருபவற்றில் இந்த வகை கணிசம். இவற்றைப் போய் "மாத்திடுங்க சார்" என்பது அநியாயம். பலவற்றில் எம்.2 இடமும் காலியாகக் கிடக்கும். தட்டைக் கழற்றாமலே எஸ்எஸ்டி சேர்க்கலாம்.

அதற்கும் பழையவற்றுக்கு? தனிநபர்களுக்கு மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு அறிவித்திருக்கிறது. அதற்குப் பிறகு லினக்ஸ். லினக்ஸ் மின்ட் 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. பிரௌசர், லிப்ரே ஆஃபீஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் அதில் இருக்கிறது. டேலியும் ஜிஎஸ்டிக்கான டிஜிட்டல் கையெழுத்தும் கட்டாயம் என்றால் லினக்ஸ் தோதுப்படாது, அந்த வேலைக்கு ஆதரவுள்ள விண்டோஸ் கொண்ட மெஷின் வேண்டும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். மாணவருக்கு, கடிதம் அடிக்கும் அப்பாவுக்கு, ஆன்லைன் வகுப்பு பார்க்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது.

இன்னொன்று. எஸ்எஸ்டி அந்த மெஷினோடு சாவதில்லை. மதர்போர்டு போனால் கழற்றி அடுத்ததில் மாட்டலாம், யுஎஸ்பி உறையில் போட்டுப் பெரிய பென் டிரைவாக வைத்துக்கொள்ளலாம். பழைய மெஷினில் போட்ட பணம் பழைய மெஷினிலேயே முடங்கிவிடும் என்ற கணக்கு இந்தப் பாகத்துக்குப் பொருந்தாது.

8. சேர்த்து வைத்துப் புதுசே வாங்கினால் என்ன?

வாங்க முடிந்தவர் வாங்கட்டும். ஆனால் இந்த அறிவுரையைக் கேட்பவர் எந்தப் புதுசை வாங்குவார்? இருப்பதிலேயே விலை குறைந்ததை. அந்த விலைக்குப் பல வருஷங்களாகக் கிடைத்து வந்தது செலரான் பிராசசர், போர்டிலேயே பற்றவைத்த 4 ஜிபி ரேம், சிலவற்றில் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு. இரண்டு கோர் கொண்ட செலரான் என்4020 2019இல் வந்தது. 2012இன் ஐ5-3320எம் அதைவிட வேகமானது. அதாவது ஆலோசனையைக் கேட்டு நடந்தவர், தன்னிடம் இருந்ததைவிட மெதுவான பிராசசரைக் கடனில் வாங்குகிறார். புதுசு வேகமாகத் தெரிவதற்குக் காரணம் அதில் தட்டு இல்லாததுதான். அதே காரணத்தைப் பழசிலேயே நீக்கியிருக்கலாம், அந்தச் செலவில் ஒரு சிறு பங்குக்கு. எஸ்எஸ்டி விலை சந்தையில் ஏறும், இறங்கும். ஏறிய காலத்திலும் ஒரு லேப்டாப்பின் விலைக்கு அது பக்கத்தில் வருவதில்லை.

உலகத்தில் 2022இல் சேர்ந்த மின்கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். ஒரு லேப்டாப்பை இன்னும் மூன்று நான்கு வருஷம் ஓட்டுவது அந்த மலையில் ஒரு கல்லைக் குறைக்கும். இதை நான் பெரிய வாதமாக வைக்கவில்லை. பர்ஸுக்கு நஷ்டமாக இருந்தால் யாரும் பூமிக்காக மட்டும் செய்யமாட்டார்கள். இங்கே இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன.

"நான் போட்டுப் பார்த்தேன், ஒன்றும் மாறவில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பொய் சொல்லவில்லை. மூன்று நான்கு இடங்களில் தவறு நடக்கும். பழைய தட்டில் இருந்த வைரஸ், இரண்டு ஆன்டிவைரஸ், தானாக ஓடும் இருபது புரோகிராம் எல்லாவற்றையும் அப்படியே குளோன் செய்து புது டிரைவில் இறக்கியிருப்பார்கள். பயாஸில் சாட்டா இன்னும் ஐடிஇ முறையிலேயே இருக்கும், ஏஹெச்சிஐக்கு மாற்றியிருக்கமாட்டார்கள். விண்டோஸ் ஏறிய பிறகு அதை மாற்றினால் நீலத்திரை வரும் என்பதால் கடைக்காரர் தொடாமல் விட்டிருப்பார். எக்ஸ்பி காலத்துப் பிரிவினையை அப்படியே கொண்டுவந்தால் தொடக்கப் புள்ளி 4 கேபி எல்லையோடு பொருந்தாது, ஒவ்வொரு எழுத்தும் இரட்டை வேலையாகும். டிரைவை நுனிவரை நிரப்பினாலும் மந்தம்தான். 120 ஜிபி வாங்கி விண்டோஸையும் பத்து வருஷப் போட்டோவையும் அதிலேயே திணிப்பவருக்கு நான் சொல்வது, 240க்குக் கீழே போகாதீர்கள். இவை மாட்டிய விதத்தின் கோளாறுகள். பாகத்தின் மீது பழி போடுவதில் நியாயம் இல்லை.

எங்கே அவர்கள் சொல்வது சரி? சாட்டாவே இல்லாத, பழைய அகல ரிப்பன் கேபிள் இணைப்புக் கொண்ட பென்டியம் 4 காலத்து மெஷின்களில் வேண்டாம். சேமிப்பைப் போர்டில் பற்றவைத்த இஎம்எம்சி லேப்டாப்பில் மாற்றவே வழி இல்லை. திரை கீறி, கீல் உடைந்து, சார்ஜ் பின் ஆடி, கீபோர்டும் போன லேப்டாப்பில் முதலில் அவற்றுக்கான செலவைக் கூட்டிப் பாருங்கள். மெதுவாக இருப்பதற்குக் காரணம் தட்டு இல்லாமல் சூடாகவோ ரேமாகவோ இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். இவ்வளவுதான் விதிவிலக்கு. ஆனால் இந்த விதிவிலக்குகளையே விதியாக்கி, கடைக்கு வரும் ஒவ்வொரு லேப்டாப்புக்கும் ஒரே தீர்ப்பை எழுதுகிறார்கள்.

ஆகவே அடுத்த முறை "இதுக்கு மேல காசு போடாதீங்க" என்று யாராவது சொன்னால், டாஸ்க் மேனேஜரைத் திறந்து எந்தப் பத்தி நிரம்பி நிற்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். டிஸ்க் என்றால், அறிந்த கம்பெனியின் அடிமட்ட ரகத்தில் 240 அல்லது 480 ஜிபி ஒன்றை, மூன்று வருஷ உத்தரவாதமும் பில்லும் கேட்டு வாங்கி, விண்டோஸையோ லினக்ஸையோ புதுசாக ஏற்றச் சொல்லுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். அதில் உங்கள் வீட்டுக் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன.